மூன்று பேர் ஏன் குதித்தார்கள்? 1944 நியூரம்பர்க் இரவும் ஒரு ஹாலிஃபாக்ஸ் விமானமும்

கரந்தை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப் போர் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். எத்தனை லட்சம் பேர் இறந்தார்கள், எந்த ஆண்டில் எந்த ஒப்பந்தம் என்று சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். மனதில் எதுவும் தங்குவதில்லை. அதனால் இந்த முறை ஒரே ஒரு விமானம், அதில் போன ஏழு பேர், ஒரே ஒரு இரவு என்று எடுத்துக்கொண்டேன்.

விமானம் ஹாலிஃபாக்ஸ் என்ற நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானம், எண் எல்.கே.797. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் எக்ஸ்காலிபர், ஆர்தர் மன்னருடைய வாளின் பெயர். ஓட்டியவர் சிரில் பார்ட்டன், வயது 22. பிரிட்டிஷ் விமானப்படையின் 578ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு). இங்கிலாந்தில் யார்க்‌ஷரில் பர்ன் என்ற இடத்திலிருந்து 1944 மார்ச் 30 இரவு ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தின் மீது குண்டு போடக் கிளம்பியிருக்கிறார்கள்.

நான் எடுத்து வைத்திருந்த குறிப்பு இவ்வளவுதான்: "வழியில் ஜெர்மன் போர் விமானங்கள் தாக்கின. மூன்று பேர் கேப்டனை விட்டுவிட்டுக் குதித்துவிட்டார்கள். பார்ட்டன் தொடர்ந்து போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பினார். இங்கிலாந்து வந்து சேர்ந்த பிறகு விபத்தில் இறந்தார். அவருக்கு பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்."

இதை வகுப்பில் படித்துக் காட்டியதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அப்ப அந்த மூணு பேரும் ஓடிட்டாங்களா மிஸ்?"

என்னிடம் பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாளாக அந்தக் கேள்வி உறுத்துகிறது. அந்த மூன்று பேர் யார், ஏன் குதித்தார்கள், பிறகு என்ன ஆனார்கள்? விமானத் துறையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

ரவி சேலம்:

டீச்சர், அந்தப் பையன் கேட்டதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏழு பேரில் மூன்று பேர் குதித்தார்கள், நான்கு பேர் இருந்தார்கள். இருந்த நான்கு பேருக்கும் அதே ஆபத்துதானே? கேப்டன் சீட்டை விட்டு எழுந்திருக்காதபோது மற்றவர்கள் எப்படிப் போகலாம்? உயிர்ப் பயம் எல்லோருக்கும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல நான் யார் என்பது வேறு விஷயம். ஆனால் ஓடினார்கள் என்றால் ஓடினார்கள் என்றே பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம் என்பது என் கருத்து.

சூலூர் ராஜாமணி:

டீச்சரம்மா, வணக்கம். நான் விமானப்படையில் ஃப்ளைட் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். சண்டை விமானத்தில் போனவன் இல்லை, சரக்கு விமானம்தான். ஆனால் பைலட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்செட் மாட்டி, பெட்ரோல் முள்ளையும் ஆயில் பிரஷரையும் பார்த்துக்கொண்டே எத்தனையோ இரவுகள் போயிருக்கிறேன். பார்ட்டன் விமானத்தின் கதை எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். அதனால் ரவி தம்பி எழுதியதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த மூன்று பேர் ஓடவில்லை. குதி என்று கேப்டன் சொல்லிவிட்டார் என்று நம்பிக் குதித்தார்கள். விருதுக்கான அரசு அறிவிப்பிலேயே, சிக்னலைத் தவறாகப் புரிந்துகொண்டதால் இறங்கினார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. உங்கள் குறிப்பை எழுதியவர் அந்த ஒரு வரியை விட்டுவிட்டார். விடக் கூடாத வரி அது.

முதலில் யார் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று பாருங்கள். போர்டில் ஒரு படம் வரைந்தால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். ஹாலிஃபாக்ஸில் மூக்குப் பகுதியில், பைலட்டின் காலுக்குக் கீழே, ஒரு சின்ன அறை மாதிரி இடம். அதில் மூன்று பேர்: வழி கணிக்கும் நேவிகேட்டர், குண்டைக் குறிபார்த்து விடுபவர், வயர்லெஸ் ஆபரேட்டர். அவர்களுக்கு மேலே பைலட். அவரை ஒட்டிப் பின்னால் ஃப்ளைட் இன்ஜினியர். அதற்கும் பின்னால், விமானத்தின் முதுகின் மேல் துப்பாக்கி சுடும் ஒரு கன்னர். வால் நுனியில் தனியாக இன்னொரு கன்னர். முன்பக்கம் குதிப்பதற்கான அவசரக் கதவு அந்த மூக்கு அறையின் தரையில் இருக்கிறது. குதித்த மூன்று பேரும் யாரென்றால், அந்த அறையில் இருந்த அதே மூன்று பேர்: நேவிகேட்டர் லம்பர்ட், குறிபார்ப்பவர் கிரேட், வயர்லெஸ் ஆபரேட்டர் கே. பயந்தவன் இறங்கினான், தைரியசாலி இருந்தான் என்ற கணக்கு இதில் எங்கே வருகிறது? ஒரே அறையில் இருந்தவர்கள் ஒரே சிக்னலை ஒரே மாதிரி புரிந்துகொண்டு ஒன்றாக இறங்கியிருக்கிறார்கள்.

இனி அந்த நேரத்துக்கு வருவோம். நியூரம்பர்க் இன்னும் சுமார் 70 மைல் இருக்கும்போது யுங்கர்ஸ் 88 என்ற ஜெர்மன் போர் விமானம் ஒன்று வந்து சுட்டது. முதல் சூட்டிலேயே, உள்ளே இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் இன்டர்காம் போய்விட்டது. இதைப் படிக்கிறவர்கள் சாதாரணமாகக் கடந்து போய்விடுவார்கள். என்னால் முடியாது. நான்கு இன்ஜின் போடும் சத்தத்தில், பக்கத்தில் இருப்பவரின் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதி வார்த்தைதான் போய்ச் சேரும். உள்ளே இருட்டு. முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். அதில் உள்ள மைக் வழியாகத்தான் ஏழு பேரும் ஒருவருக்கொருவர் இருக்கிறோம் என்பதே தெரியும். அந்த ஒயர் அறுந்தால் ஒரு விமானத்தில் ஏழு தனி ஆட்கள்.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஒரு தடவை வடகிழக்குப் பக்கம் இரவில் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் இன்டர்காம் இப்படித்தான் செத்துப் போனது. யாரும் சுடவில்லை, ஏதோ கனெக்‌ஷன் கோளாறு, அவ்வளவுதான். இரண்டாம் இன்ஜினின் ஆயில் எனக்குச் சந்தேகமாக இருந்தது. பின்னால் இருந்த சகாவிடம் டார்ச்சை என் கை மேல் அடித்து இரண்டு விரலைக் காட்டினேன், இரண்டாம் இன்ஜின் பக்கம் ஜன்னல் வழியே பார் என்று. அவர் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போய் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கக் கட்டிக்கொண்டார். இன்னும் இரண்டு நிமிஷத்தில் இறங்குகிறோம் என்று புரிந்துகொண்டிருக்கிறார்! பத்து வருஷம் சேர்ந்து பறந்த மனிதர். அமைதியான ராத்திரி. அப்படியும் இரண்டு விரல் இரண்டு அர்த்தம் ஆகிவிட்டது. அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு விரலுக்குப் பதில் வேறு எதையாவது காட்டியிருந்தால் அவர் வேறு எதையாவது செய்திருப்பாரே என்று.

பார்ட்டன் விமானத்தில் அப்போது என்ன நிலைமை? யுங்கர்ஸோடு இன்னொரு ஜெர்மன் விமானமும், மெஸ்ஸர்ஷ்மிட் 210 என்று அறிவிப்பில் இருக்கிறது, சேர்ந்துகொண்டது. ஒரு இன்ஜின் அடிபட்டு விமானமே உதறுகிறது. கன்னர்களின் துப்பாக்கிகள் வேலை செய்யவில்லை, திருப்பிச் சுட வழியில்லை. பைலட்டோ விமானத்தைச் சாய்த்துச் சாய்த்துத் தப்பிக்கப் பார்க்கிறார். கீழே மூக்கில் இருப்பவர்களுக்கு வெளியே நடப்பது எதுவும் முழுதாகத் தெரியாது. தூக்கிப் போடுவது தெரியும், குண்டு துளைக்கும் சத்தம் தெரியும். அந்த நேரத்தில் ஒரு சிக்னல் வருகிறது.

விளக்கை விட்டு விட்டு எரித்துச் சொல்லும் சிக்னல் எப்படி ஏமாற்றும் என்பதற்குப் பிள்ளைகளுக்கு ஒரு உதாரணம் காட்டுங்கள். ஒவ்வொரு எழுத்தையும் குட்டை, நெட்டை ஒளியாகவோ ஒலியாகவோ அனுப்பும் மோர்ஸ் முறையில் ஆர் என்ற எழுத்து குட்டை, நெட்டை, குட்டை. பி என்ற எழுத்து குட்டை, நெட்டை, நெட்டை, குட்டை. நடுவில் ஒரே ஒரு நெட்டைதான் வித்தியாசம். வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சில் இரண்டையும் அடித்துக் காட்டுங்கள். பெஞ்சை நான்கு பேர் பிடித்து ஆட்டட்டும். எத்தனை பேர் சரியாகப் படிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

குதி என்ற உத்தரவு வந்தால் யோசிக்கக் கூடாது என்றுதான் அவர்களுக்குப் பயிற்சியே. அடிபட்ட விமானம் சுழல ஆரம்பித்துவிட்டால் அந்தச் சுழற்சி ஆளை விமானத்தின் சுவரோடு அப்படியே ஒட்டவைத்துவிடும், கதவு ஒரு கை தூரத்தில் இருந்தாலும் போக முடியாது. தாமதித்ததால் செத்தவர்களைப் பற்றி ஒவ்வொரு ஸ்குவாட்ரனிலும் எல்லோருக்கும் தெரியும். அதனால் லம்பர்ட்டும் கிரேட்டும் கேயும் பயிற்சியில் சொன்னபடி செய்தார்கள். எதிரி நாட்டுக்குள், நடு இரவில், இருட்டுக்குள் இறங்கினார்கள். மூன்று பேரும் பிடிபட்டுப் போர்க் கைதிகளானார்கள். போர் முடிந்து வீடு திரும்பினார்கள்.

உங்கள் கடைசி பெஞ்ச் பையனுக்கு என் சார்பாக இதைச் சொல்லுங்கள். நல்ல கேள்வி கேட்டான்.

கரந்தை டீச்சர்:

ஐயா, படித்து முடித்ததும் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டார்ச் சோதனையைக் கட்டாயம் செய்கிறேன். இன்னும் இரண்டு கேட்கலாமா? வழி சொல்ல நேவிகேட்டர் இல்லாமல் பார்ட்டன் எப்படித் திரும்பி வந்தார்? இங்கிலாந்துக் கரை தெரிந்த பிறகாவது அவரும் மற்ற மூன்று பேரும் பாராசூட்டில் குதித்திருக்கலாமே? அந்த இரவில் மட்டும் ஏன் அவ்வளவு விமானங்கள் திரும்பி வராமல் போயின என்பதையும் முடிந்தால் சொல்லுங்கள்.

சூலூர் ராஜாமணி:

கடைசிக் கேள்வியை முதலில் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அன்று கிளம்பியவை 795 விமானங்கள். திரும்பி வராதவை 95. எல்.கே.797 மாதிரி ஊர் எல்லை வரை வந்து நொறுங்கியவை இந்தக் கணக்கில் சேராது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைக்கு அந்தப் போர் முழுவதிலும் அதைவிட மோசமான இரவு கிடையாது. நிலா வெளிச்சம் இருந்தது. வழியில் மேகம் மறைத்துக்கொள்ளும் என்று நம்பிப் போனார்கள், வழியில் மேகம் இல்லை. பெல்ஜியத்தின் ஷார்லெராய் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்குள் ஃபுல்டா பக்கம் வரை சுமார் 265 மைல், வளைவே இல்லாமல் ஒரே நேர்கோடு. ஜெர்மன் இரவு விமானங்கள் கூடிக் காத்திருந்த இடங்களை ஒட்டியே அந்தக் கோடு போனது. குளிரில் ஒவ்வொரு விமானத்தின் பின்னாலும் வெள்ளைப் புகைக்கோடு வேறு. நிலவில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. சில ஜெர்மன் விமானங்களில் மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய பீரங்கிகள் இருந்தன. குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்குக் கீழே வந்து நின்று இறக்கையில் உள்ள பெட்ரோல் டேங்கில் சுடுவார்கள். மேலே இருப்பவனுக்கு யார் சுட்டார் என்றே தெரியாது. பக்கத்து விமானம் திடீரென்று வெடிப்பதைப் பார்த்தவர்கள், அது நம்மைப் பயமுறுத்த ஜெர்மன்காரன் விடுகிற வாண வெடி என்று நம்பினார்கள். அப்படி ஒரு வெடி இருக்கவே இல்லை. எரிந்ததெல்லாம் கூட வந்த விமானங்கள்.

சரி, பார்ட்டனுக்கு வருகிறேன். மூன்று பேர் போன பிறகு அவர் அங்கேயே திரும்பியிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். போனார். குண்டை விடும் வேலையையும் அவரே செய்தார். அது சரியா, தேவையா என்று என்னால் இன்றுவரை தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. பின்னால் மூன்று உயிர் இருந்ததே என்று சில சமயம் நினைப்பேன். ஆனால் திரும்பி வந்த வழியைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அப்படி ஒரு பறத்தலை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இலக்கை விட்டுத் திரும்பும்போது, அதிர்ந்துகொண்டே இருந்த அந்த இன்ஜினின் புரொப்பெல்லர் பிய்த்துக்கொண்டு பறந்து போனது. இரண்டு பெட்ரோல் டேங்குகள் ஓட்டையாகிக் கசிகின்றன. எதிர்க்காற்று. நாலரை மணி நேரப் பயணம். நேவிகேட்டர் இல்லை, வயர்லெஸ் இல்லை. இன்ஜினியர் டிரவுஸ்டேல் இருக்கிறார், வுட், பிரைஸ் என்று இரண்டு கன்னர்கள் இருக்கிறார்கள்.

என் வேலை அதுதான் என்பதால் டிரவுஸ்டேலைப் பற்றித்தான் நான் அதிகம் நினைப்பேன். கசியும் டேங்க் இருந்தால் அதிலிருந்துதான் இன்ஜினுக்கு முதலில் குடிக்கக் கொடுக்க வேண்டும், வீணாகப் போவதற்குள். நல்ல டேங்கைக் கடைசிக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு வால்வையும் மாற்றும்போது இன்ஜின் ஒரு நொடி இருமினாலும் வயிறு கலங்கும். சாதாரண நாளில் இதைச் செய்யவே கைக்குறிப்பு, கணக்கு எல்லாம் வேண்டும். முள் இறங்கிக்கொண்டே வருவதை நாலரை மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்றால்!

ஆபத்தான இடங்களை எல்லாம் தவிர்த்துக் கடலைத் தாண்டி வந்துவிட்டார். தளத்திலிருந்து சுமார் 90 மைல் வடக்கே தள்ளி இங்கிலாந்துக் கரையைத் தொட்டார். நேவிகேட்டர் இல்லாமல், அந்தக் காற்றில், 90 மைல் விலகல் என்பது பெரிய தவறே இல்லை.

இப்போது உங்கள் கேள்வி, ஏன் குதிக்கவில்லை? இறங்க இடம் தேடுவதற்குள் பெட்ரோல் தீர்ந்து இடப்பக்க இன்ஜின்கள் இரண்டும் நின்றுவிட்டன. முன்பே போன இன்ஜின் வலப்பக்கத்தது. ஆக மிச்சம் வலப்பக்கம் ஒன்றே ஒன்று. ஒரு பக்கத்தில் மட்டும் இன்ஜின் இழுத்தால் விமானம் எதிர்ப்பக்கமாகத் திரும்பிக் கவிழப் பார்க்கும். விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடர் பெடலில் வலது காலை முழுப் பலத்தோடு ஊன்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலை எடுத்தால் அடுத்த சில நொடியில் எல்லாம் முடிந்தது. உயரமும் இல்லை, பாராசூட் விரியப் போதுமான உயரம் வேண்டுமே. அதனால் மற்ற மூன்று பேரையும் விமானம் மோதும்போது உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்காரச் சொன்னார். கீழே வீடுகள். வீடுகளைத் தாண்டிக் கொண்டுபோகப் பாடுபட்டார். சண்டர்லாந்துக்குத் தெற்கே ரைஹோப் என்ற ஊரில், நிலக்கரிச் சுரங்கத்தின் அருகே விமானம் நொறுங்கியது. டிரவுஸ்டேல், வுட், பிரைஸ் மூன்று பேரும் பிழைத்தார்கள். பார்ட்டன் இறந்தார்.

அது அவருக்குப் பத்தொன்பதாவது தாக்குதல். 18 முடித்திருந்தார், அதில் நான்கு பெர்லின். திரும்பாவிட்டால் அம்மாவிடம் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். அதே வருஷம் ஜூன் மாதம் விருது அறிவித்தார்கள். ஹாலிஃபாக்ஸ் ஓட்டிய ஒருவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

வடகடல் மல்லிகை:

ராஜாமணி ஐயா, ரைஹோப் என்று படித்ததும் கை நடுங்கிவிட்டது. நான் சண்டர்லாந்தில் நர்ஸாக இருக்கிறேன். பதினோரு வருஷம் ஆகிறது. நைட் டூட்டி முடித்து வரும்போது அந்த ஊர் வழியாகத்தான் பஸ் வரும். இந்தக் கதை எனக்குத் தெரியவே தெரியாது.

ஊர் எப்படி இருக்கும் என்று டீச்சர் பிள்ளைகளிடம் சொல்லட்டும். ஒரு பக்கம் வயல், அதைத் தாண்டினால் செங்குத்தான கரை, கீழே வட கடல். தண்ணீர் பெரும்பாலும் சாம்பல் நிறம்தான். செங்கல் வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி வரிசை வரிசையாக இருக்கும், இடைவெளியே இருக்காது. சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசைகள். சுரங்கம் 1966-லேயே மூடிவிட்டார்கள். மார்ச் கடைசியில் விடியற்காலையில் வெளிச்சம் வந்தும் வராமலும் இருக்கும், காற்று முகத்தில் அறையும். அந்தக் காற்றுக்குள்தான் அவர் வந்திருக்கிறார்.

நேற்று டூட்டி முடிந்ததும் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். சும்மா நடந்தேன், எதையும் தேடவில்லை. ஒரு வீட்டு வாசலில் ஒருவர் பால் பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தார். கூரைகளை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. நான்கு இன்ஜின் விமானத்தை, ஒரு இன்ஜினை வைத்துக்கொண்டு, இதற்கு மேலே எப்படிக் கொண்டுபோவது?

எங்கள் வார்டில் ஒரு தாத்தா இருக்கிறார், இந்தப் பக்கத்துச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். பார்ட்டன் என்றதும் அவருக்கு உடனே தெரிந்தது. ஆனால் அவர் முதலில் சொன்னது வேறு ஒருவரைப் பற்றி. அன்று காலை ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சுரங்கத் தொழிலாளியும் அந்த விபத்தில் இறந்துபோனார் என்றார். "அவரையும் சொல்லும்மா, எல்லாரும் விட்டுடறாங்க" என்ற அர்த்தத்தில் இரண்டு தடவை சொன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், உண்மைதான். டீச்சர், அவரையும் உங்கள் வகுப்பில் சொல்லுங்கள்.

ரவி சேலம்:

ராஜாமணி ஐயா, நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தெரியாமல் எழுதிவிட்டேன், வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சுரங்கத் தொழிலாளியைப் பற்றிப் படித்ததும் இன்னொன்று தோன்றுகிறது. நியூரம்பர்க்கிலும் வீடுகள் வரிசையாகத்தானே இருந்திருக்கும்? ரைஹோப் வீடுகளைக் காப்பாற்றப் பாடுபட்ட அதே மனிதர், சில மணி நேரத்துக்கு முன்னால் வேறு வீடுகள் மேல் குண்டு போடப் போனவர்தானே? பிள்ளைகள் இதைக் கேட்டால் டீச்சர் என்ன சொல்வார்?

சூலூர் ராஜாமணி:

தம்பி, திரும்பப் பெறுவதெல்லாம் பெரிய வார்த்தை. கேட்டதால்தானே பேச முடிந்தது.

நீங்கள் இப்போது கேட்டதற்கு என்னிடம் தப்பிக்கும் பதில் இல்லை. ஆமாம், அதே மனிதர்தான். அந்த இரவில் நியூரம்பர்க்கின் மேல் மேகம் மூடியிருந்தது, காற்றும் கணித்த மாதிரி வீசவில்லை. நகரத்தில் விழ வேண்டிய குண்டுகள் நிறைய வெளியே விழுந்தன. நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் வழி தவறி ஷ்வைன்ஃபுர்ட் என்ற வேறு ஊரில் போட்டுவிட்டு வந்தன. அதனால் நகரம் அன்று பெரும்பாலும் தப்பியது. ஆனால் 1945 ஜனவரி 2 இரவு அதே நகரத்துக்கு மறுபடி போனார்கள். அன்று மேகம் இல்லை. பழைய நகரம், பல நூற்றாண்டு வீடுகள், பெரும்பகுதி ஒரே இரவில் எரிந்தது. சுமார் 1,800 பேர் இறந்தார்கள்.

பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையிலும் போர் முழுவதும் சேர்த்து 55,573 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள். ஒரு கணக்கு இன்னொரு கணக்கைக் கழித்துவிடாது. டீச்சரம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடட்டும். பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்கு அது புரியும், நாம் நினைப்பதைவிட நன்றாகவே புரியும்.

ஆனால் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குதித்த மூன்று பேரின் பெயரையும் போர்டில் எழுதுங்கள். லம்பர்ட், கிரேட், கே. எங்கே பார்த்தாலும் பார்ட்டன் பெயர் இருக்கும், இவர்கள் வெறும் "மூன்று பேர்" என்று நிற்பார்கள்.

கரந்தை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பு முடிந்தது, உடனே எழுதுகிறேன்.

ஜன்னல்களை அடைத்துவிட்டு டார்ச் சோதனை செய்தோம். ஒரு பிள்ளை மேஜை மேல் நின்று விளக்கடித்தாள், நான்கு பேர் பெஞ்சை ஆட்டினார்கள், மற்றவர்கள் வாயால் இன்ஜின் சத்தம் போட்டார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்துவிட்டார்! 38 பேரில் சரியாகப் படித்தவர்கள் 21 பேர். கடைசி பெஞ்ச் பையன் படித்தது தவறு. "நானா இருந்தா குதிச்சிருப்பேன் மிஸ்" என்றான்.

ஏழு பெயரையும் எழுதினேன். எட்டாவதாக ரைஹோப் சுரங்கத் தொழிலாளி ஒருவர் என்று எழுதினேன். அதற்குக் கீழே நியூரம்பர்க், 1945 ஜனவரி 2 என்று எழுதியபோது மணி அடித்துவிட்டது. அது நாளைக்கு.

என் குறிப்பில் "கேப்டனை விட்டுவிட்டு" என்று இருந்ததை அடித்துவிட்டேன். "உத்தரவு என்று நம்பி" என்று அந்தப் பையனையே எழுதச் சொன்னேன்.